ஏழு பேர் நிரப்பிய நான்

எனக்குக் கோபம் அதிகம். மாரிகுப்பம் ஸ்டேஷனில் டீ விற்கிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். எங்கள் கம்பெனிக்கு அதைக் கண்டுபிடிக்க அறுபது கேள்வி தேவைப்பட்டது. அப்படியும் முதல் தடவை தப்பாகத்தான் கண்டுபிடித்தார்கள். அந்தத் தப்பில் என் பங்கு உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம், மின்சார சுவிட்சு செய்கிற ஒரு கம்பெனியில். செக்கிங் பிரிவு. லைனிலிருந்து வருகிற ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்திப் பார்த்து, சரியில்லாததைச் சிவப்புத் தட்டில் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். தினமும் விடியற்காலையில் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயலில் இருக்கிற மாரிகுப்பத்தில் ரயில் ஏறுவேன், சாயந்திரம் அதே பாதையில் திரும்புவேன்.

ரயில் எங்கள் ஸ்டேஷனில்தான் புறப்படுகிறது. பெட்டிகள் காலியாக நிற்கும். லேடீஸ் பெட்டியில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மீதி ஏழு இடத்துக்குக் கர்சீப், குடை, சாப்பாட்டுப் பை, துப்பட்டா என்று எதையாவது போட்டு வைப்பது என் வேலை. சாம்பியன், கோரமண்டல், உரிகம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். நடுவில் யாராவது வந்து "இங்க ஆள் வராங்களா?" என்று கேட்டால், நான் நிமிர்ந்து பார்ப்பேன். அது போதும். இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒயிட்ஃபீல்டு வரை நின்றுகொண்டு வந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் நர்ஸக்கா. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ரயில் கிளம்பினதும் சத்தமாக ஜெபம் செய்வார், நாங்கள் இந்துக்களும் சேர்ந்து ஆமென் சொல்லுவோம். இன்னொருவர் பீன்ஸக்கா. ஒரு ஆபீசில் பெருக்கித் துடைக்கிற வேலை. சாயந்திர ரயிலில் ராத்திரி சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே வருவார். பீன்ஸ் இல்லாத நாளிலும் அவர் பீன்ஸக்காதான். மூன்றாவது ஆள் ஐடி பொண்ணு. கம்ப்யூட்டர் கம்பெனி. எங்கள் எல்லோரையும் ஆன்ட்டி என்பாள். வாரத்தில் இரண்டு நாளாவது, கிளம்பி நகர ஆரம்பித்த ரயிலில்தான் ஓடிவந்து ஏறுவாள்.

போன வருடம் கம்பெனி நெலமங்கலா பக்கம் புது யூனிட் திறந்தது. இங்கிருந்து பத்துப் பேரை அங்கே அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். நெலமங்கலா பெங்களூருக்கு அந்தப் பக்கம். கே.ஜி.எஃப்.பிலிருந்து தினமும் போய் வர முடியாது. ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். நல்ல ரூம், ஆளுக்கு ஒரு கட்டில், சாப்பாடு எல்லாம் உண்டு. அதைக் கேட்டதும் அழுத்தின சுவிட்சையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரை விட்டு இருப்பதை நினைத்து என்று எழுதினால் அழகாக இருக்கும். அவர் நிம்மதியாகத்தான் இருப்பார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ரயிலை விட்டுவிட்டு ஒரு நாளை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

யாரை அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் அந்த அறுபது கேள்வி.

முதலில் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். ஹெச்.ஆர். மேடத்துக்கு என் மகள் வயசு இருக்கும். திரையில் படம் போட்டு, உலகத்தில் மனிதர்கள் பதினாறு வகை என்றார். எங்கள் கேன்டீன் வரிசையில் நின்று பார்த்தாலே நாற்பது வகை தேறும் என்று நினைத்தேன். ஆனால் கணக்கு எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன், கஷ்டமில்லை.

நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில். பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்து. நாலு எழுத்தைச் சேர்த்தால் நீங்கள் யார் என்று வந்துவிடுமாம்.

முதல் கேள்வி, உங்களுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது. நாலு பேரோடு இருந்தால் தெம்பு வருகிறவருக்கு இ. தனியாக இருந்தால் தெம்பு வருகிறவருக்கு ஐ. கூச்சம் வேறு, இது வேறு என்று மேடம் இரண்டு தரம் சொன்னார். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கும் கூட்டம் களைப்பைத் தரலாமாம்.

இரண்டாவது, எதைப் பார்க்கிறீர்கள். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்தால் எஸ். அது நாளைக்கு என்னவாகும் என்று பார்த்தால் என். பீன்ஸக்கா கத்தரிக்காயை எடுத்தால் புழு இருக்கிறதா என்று பார்ப்பார். நர்ஸக்கா அதே கத்தரிக்காயைப் பார்த்து மகன் கல்யாணத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று யோசிப்பார். மகனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

மூன்றாவது, எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள். தலை என்றால் டி. மனசு என்றால் எஃப். பாஸ் இல்லாமல் ஒரு பெண் டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டினால், தண்டம் கட்டத்தான் வேண்டும் என்று சொல்கிறவர் டி. நம் பைக்குப் பின்னால் ஒளியச் சொல்கிறவர் எஃப். எங்கள் பெட்டியில் டி நான் ஒருத்திதான்.

நாலாவது, எல்லாம் முன்கூட்டியே முடிவாகி இருக்க வேண்டுமா, அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாமா. முன்கூட்டி என்றால் ஜே. பார்த்துக்கொள்ளலாம் என்றால் பி. ஓடுகிற ரயிலில் ஏறுகிற ஐடி பொண்ணு பி. அவளுக்கு இடம் போட்டு வைத்திருக்கிற நான் ஜே.

"இதில் சரி, தப்பு எதுவும் கிடையாது" என்று மேடம் முடித்தார்.

"அப்புறம் எதுக்கு வைக்கறீங்க?" என்றேன்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்காமல், உங்களுக்கு ஏற்ற இடத்தில் உங்களை வைக்கத்தான் என்றார். லைனை நிறுத்த முடியாது, அதனால் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபாரம் எதுவாக இருந்தாலும் ரயிலில்தான் நிரப்புவோம். ரேஷன் கார்டு, ஸ்கூல் அட்மிஷன், பாஸ்போர்ட், எல்லாம் அந்த எட்டு சீட்டில்தான் நிரம்பியிருக்கின்றன. ஒருவர் வாசிப்பார், ஒருவர் எழுதுவார், மீதிப் பேர் பதில் சொல்லுவார்கள். யாருடைய ஃபாரமோ அவரைத் தவிர எல்லோருக்கும் பதில் தெரியும். என் ஆதார் எண் எனக்கு மனப்பாடம் கிடையாது, நர்ஸக்காவுக்கு உண்டு. அதனால் இதையும் எடுத்து ஐடி பொண்ணிடம் நீட்டினேன். நெலமங்கலா விஷயத்தையும் சொன்னேன்.

பீன்ஸக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாது, அவ்ளோ தூரம் அனுப்பறாங்களா? அப்போ நமக்கு எடம் யாரு போடுவாங்க?"

"அதான் உன் கவலையா?"

"பின்ன? நானு முட்டி வலிய வெச்சிக்கினு மாலூர் வரைக்கும் நிக்கவா?"

நர்ஸக்கா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "இரு இரு. நல்லவங்கள எந்தக் கம்பெனியும் வுடாது. வேணாங்கறவங்களத்தான் தள்ளி வுடுவாங்க. எங்க ஆஸ்பத்திரில எதுத்துப் பேசுனவங்களத்தான் வேற பிராஞ்சுக்கு மாத்துனாங்க. மாத்தல்னாலே தண்டனதான். இவ நல்லவன்னு எழுதிட்டா போதும், வெச்சிக்குவாங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எங்கள் ஊரில் மாற்றல் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது.

ஐடி பொண்ணு மட்டும் இழுத்தாள். "ஆன்ட்டி, இது பர்சனாலிட்டி டெஸ்ட். நிஜமா என்னவோ அத்ததான் போடணும். இன்ட்ரோவர்ட்டா, எக்ஸ்ட்ரோவர்ட்டா…"

"தமிழ்ல சொல்லு."

நான் வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். நர்ஸக்கா உடனே பிடித்துக்கொண்டார். "இதுக்கா இவ்ளோ இங்கிலீஷு? நம்ப ஊரு தங்கச் சொரங்கத்துல எப்பவோ கீதே. அண்டர்கிரவுண்டு, சர்ஃபேஸ். சில பேரு எல்லாத்தயும் மேலயே வெச்சிக்குவாங்க. சில பேருகிட்ட நாம கேஜ் லிஃப்டுல எறங்கிப் போய்ப் பாத்தாதான் உள்ள இன்னா கீதுன்னு தெரியும்."

"இவ அண்டர்கிரவுண்டுதான்" என்றார் பீன்ஸக்கா. "எவ்ளோ லெவல் கீழ போனாலும் கல்லுதான் வருது."

"தங்கமும் வரும்க்கா. நீ ஒரு ஷிப்டுக்கு ரெண்டு டன் கல்லு ஒடைக்கணும்" என்றார் நர்ஸக்கா.

என் எதிரிலேயே பேசினார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீன்ஸில் ஒரு பிடி என் மடியில் விழுந்தது, நறுக்க.

ஐடி பொண்ணு வாசிக்க ஆரம்பித்தாள். "ஃபர்ஸ்ட் கொஸ்டின். பார்ட்டிக்குப் போனா, தெரியாதவங்ககிட்ட நீங்களே போய் பேசுவீங்களா?"

"நான் எந்தப் பார்ட்டிக்குப் போனேன்?"

"கல்யாணம்னு வெச்சிக்கோங்க ஆன்ட்டி."

"போனா சாப்டு வந்துடுவேன்."

"அத்த எழுதாத கண்ணு" என்றார் நர்ஸக்கா. "பேசுவாங்கன்னு டிக் போடு. எங்க சர்ச்சு கல்யாணத்துல மாப்ள வூட்டுக்காரங்ககிட்ட இவளேதான போய் பேசுனா?"

"நான் எங்க பேசுனேன்? சண்ட போட்டேன். பந்தில கொயந்தைங்கள எழுப்பி வுட்டாங்கன்னு."

"சண்டயும் பேச்சுதான்மே. போடு டிக்கு."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கேள்வி. ஒருவர் தப்புச் செய்தால் முகத்துக்கு நேரே சொல்வீர்களா, மனம் நோகாமல் பார்த்துச் சொல்வீர்களா. பெட்டியே சிரித்தது. எங்களைத் தெரியாத ஒரு அம்மா கூடச் சிரித்தார்.

"மனசு நோகாம" என்றார் பீன்ஸக்கா.

எனக்கே பொறுக்கவில்லை. "அக்கா, அன்னிக்கு உன் ரசத்த இன்னான்னு சொன்னேன்?"

"பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி கீதுன்னு."

"நொந்துச்சா இல்லியா?"

"ரெண்டு நாளு நொந்துச்சு. அப்புறம் நீயே புளி வாங்கியாந்து குடுத்தியே. மனசு நோகாமன்னு போடு கண்ணு."

இப்படி அறுபதும் முடிந்தது. கருத்து ஒத்துவராத இடத்தில் கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். என் ஓட்டைச் சேர்க்கவே இல்லை. உரிகம் வருவதற்குள் நான் கே.ஜி.எஃப்.பிலேயே ரொம்ப அன்பான பெண்ணாகிவிட்டேன்.

புதன்கிழமை பட்டியல் வந்தது. நெலமங்கலாவுக்குப் போகும் பத்துப் பேரில் முதல் பெயர் என்னுடையது.

மேடம் என்னைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். என் நாலு எழுத்து இ, எஸ், எஃப், ஜே என்று வந்திருந்தது. எல்லோரையும் அரவணைத்துப் போகிற வகையாம். "புது யூனிட்டுல எல்லாரும் கிராமத்துலேர்ந்து வர்ற சின்னப் பெண்கள். முதல் தடவையா வீட்டை விட்டு வர்றாங்க. அவங்களுக்கு ஒரு அம்மா மாதிரி யாராவது வேணும்னு தேடினோம்" என்றார். நாங்கள் கன்னடத்தில் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"அம்மாவா? நானா?"

"ரிப்போர்ட் அப்படித்தான் சொல்லுது."

என் பிரிவில் இந்தச் செய்தி போனதும் ஒரு பெண் சிரித்துச் சிரித்துத் தட்டைக் கவிழ்த்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு பேர் ஒரு சாயந்திரம் முழுக்க உட்கார்ந்து, என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, கழுத்தில் மாலை போட்டு அனுப்பிவைத்திருக்கிறார்கள். கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அன்று சிவப்புத் தட்டில் நல்ல சுவிட்சும் நாலு விழுந்தது, பொறுக்கி எடுத்தேன்.

மறுநாள் நேராக மேடத்தின் அறைக்குப் போனேன்.

"அந்த ஃபாரத்த நான் நிரப்பலம்மா."

"பின்னே யாரு?"

"ரயில்ல என் கூட வர்றவங்க. ஏழு பேர்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க மனசைப் பத்தின கேள்வி. தனியா உட்கார்ந்து நிரப்பணும்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கே."

"நான் எந்த ஃபாரத்தையும் தனியா நிரப்பினதில்ல."

இவள் பொய் சொல்கிறாளா என்று பார்த்தார். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, மீட்டிங் ரூமில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். பெரிய மேஜை, பன்னிரண்டு நாற்காலி, ஏ.சி. குளிர். கேள்விகள் கன்னடத்திலும் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் காதில் நர்ஸக்காவின் குரல் "அத்த எழுதாத" என்றது. எழுதினேன். பார்ட்டியில் நானாகப் பேச மாட்டேன். முகத்துக்கு நேரே சொல்லுவேன். நாள் முழுக்க ஆட்களோடு இருந்தால் தெம்பா, களைப்பா என்று ஒரு கேள்வி. களைப்பு. அதில் டிக் போடும்போது எதையோ திருடுகிற மாதிரி இருந்தது. ஆனால் நிஜம் அதுதான்.

மேடம் அங்கேயே கூட்டிப் பார்த்தார். ஐ, எஸ், டி, ஜே. தனியாக இருக்க விரும்புகிறவர், கண்ணால் பார்த்ததை நம்புகிறவர், விதிப்படி நடக்கிறவர், குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். செக்கிங் வேலைக்கென்றே பிறந்த வகையாம். இதைச் சொல்ல ஒரு தாள் வேண்டியிருந்தது.

நான் எழுந்திருக்கப் போனேன். அவர் விடவில்லை. "ஒண்ணு கேட்கறேன். தனியா இருக்கறதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஹாஸ்டல்ல தனி ரூமே தர்றேன். கூட்டம் இல்ல, ரயில் இல்ல, தினம் போக வர அஞ்சு மணி நேரம் மிச்சம். அப்புறம் ஏன் வேண்டாம்னு சொல்றீங்க?"

கெட்டிக்காரப் பெண். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் போயிட்டா அவங்களுக்கு யாரு இடம் போடறது?"

"அது அவங்க பிரச்சினை. உங்களுக்கு என்ன?"

"எனக்கு அங்க ஜன்னலோரம் இடம் இருக்கும்மா. நான் வெளிய பாத்துக்கினு வருவேன். யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க. பீன்ஸ் மட்டும் குடுப்பாங்க."

அவருக்குப் புரிந்ததா தெரியாது. முதல் தாளையும் இரண்டாவது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேக்கிங்கில் ஒரு பெண் நெலமங்கலாவுக்கு நானே போகிறேன் என்று இரண்டு தடவை வந்து கேட்டாளாம். அவள் எழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். "எழுத்து?" என்று கேட்டேன். "பரவாயில்லை, அவளுக்குப் போக ஆசை இருக்கே" என்றார். அன்றைக்குத்தான் மேடத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

சாயந்திரம் ரயிலில் சொன்னேன். ஆரவாரம் செய்தார்கள். நர்ஸக்கா கண்ணை மூடி நன்றி சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ரிப்போர்ட்டைக் காட்டு என்றார்கள். ஐடி பொண்ணு வாங்கி, தமிழாக்கிச் சத்தமாக வாசித்தாள். "இவங்களுக்குத் தனிமைதான் பிடிக்கும். சும்மா பேசறது இவங்களுக்கு டயர்ட் ஆகும். நாலு பேர் கூட இருந்தா…" அவளே நிறுத்திவிட்டாள்.

பீன்ஸக்காவின் கத்தி நின்றது.

"அப்போ," என்றார் நர்ஸக்கா, "பத்தொம்பது வருஷமா எங்கள பொறுத்துக்கினுதான் வந்தியா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்லத் தெரியாது.

மாலூர் தாண்டியது. பங்காருப்பேட்டையில் ஏறின வடைக்காரரிடம் எட்டு வடை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார்கள், ஆனால் மௌனமாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல இடம் போட்டேன். ஏழு இடம். சாம்பியனில் பீன்ஸக்கா ஏறினார். என் கர்சீப்பை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பேசவில்லை. கோரமண்டலில் நர்ஸக்கா. அவரும் பேசவில்லை. ஜெபத்தை வாய்க்குள்ளேயே முடித்துக்கொண்டார், ஆமென் எப்போது சொல்வது என்றே தெரியவில்லை. உரிகத்தில் ஐடி பொண்ணு ஓடிவந்து ஏறினாள், மூச்சு வாங்கினாள், உட்கார்ந்தாள், ஃபோனைப் பார்த்தாள். பங்காருப்பேட்டை போனது. ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சாமி படம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். தோட்டம், செங்கல் சூளை, மின்கம்பம். தினமும் பார்க்கிறதுதான். அன்று ஒன்றுமே பார்க்க முடியவில்லை. பின்னால் சத்தம் இருந்தால்தான் எனக்கு வெளியே பார்க்க வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அறுபது கேள்வியில் இது இல்லை.

டேக்கல் வரை பொறுத்தேன்.

"இன்னா, எல்லாரும் செத்துட்டீங்களா?"

நான் கத்தினதில் அடுத்த வரிசையில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. நர்ஸக்கா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஏழு பேரும் வெடித்தார்கள். பீன்ஸக்கா சிரித்ததில் இருமல் வந்து, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மாலூர் வரை வாய் திறக்கக் கூடாது என்று முந்தின ராத்திரியே ஃபோனில் பேசி வைத்திருக்கிறார்கள்.

"டேக்கல்லயே தோத்துட்டா" என்று பீன்ஸக்கா பந்தயக் காசுக்குக் கையை நீட்டினார். "நான் சொன்னேனா இல்லியா?"

ஐடி பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "ஆன்ட்டி, உங்க முதல் லெட்டர் தப்பு. மறுபடியும் ஃபில் பண்ணலாம், பேனா குடுங்க."

"லெட்டர் சரிதான். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் நர்ஸக்கா மகன் கல்யாணத்துக்கு எத்தனை கிலோ கத்தரிக்காய் என்று ஆரம்பித்தார். பீன்ஸக்கா முதலில் பொண்ணைப் பாரு என்றார். வெளியே ஏரி ஒன்று நிறைந்திருந்தது. அன்றைக்குத்தான் கவனித்தேன்.